பிறக்கிராசியாரும் ஜனாதிபதியின் தற்றுணிபும்

சட்டத்தரணி மர்சூக் அவர்களின் ஜனாஸா வீட்டில் நான் அவரைப் பொருந்திக்கொண்டதாக, அதாவது மன்னித்துவிட்டதாக, ஊரில் கதைக்கிறார்கள். அது பிழை. சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளி ஒலிபெருக்கியில் அவர் காலமான மௌத்துச் செய்தி கேட்டு நான் போனது உண்மை. "வாப்பா ஆருக்கும் நோவினை செஞ்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கிடுங்க" என்று அவருடைய மகன் கேட்டார். "பொருந்திக்கிட்டம்" என்றார்கள் எல்லோரும்.

"நீங்களும் சொல்லுங்க மாமி" என்று பக்கத்திலிருந்த பெண் என்னை இடித்தாள். நான் வாய் திறக்கவில்லை. மன்னிப்பதில் எனக்கு எவருடைய ஆலோசனையும் தேவையில்லை.

நல்லதையும் சொல்கிறேன். கல்முனையில் அவரைப் போல் சட்டம் விளக்க ஆளில்லை. சட்டத்தரணி என்ற பெயர் வந்த பிறகும் ஊர் அவரை வக்கீலுக்கான பழைய பெயரால் பிறக்கிராசியார் என்றே அழைத்தது. பழைய அரசியல் யாப்பைப் பற்றி வாசிகசாலையில் அவர் பேசினால் மீன் வியாபாரிகளும் நின்று கேட்பார்கள். "ஜனாதிபதி மாப்பிள்ளைத் தோழன் மாதிரி. உடுப்பு பளபளக்கும், கலியாணம் அவருக்கில்ல. பிரதமர் சொன்னாத்தான் கையெழுத்து" என்பார்.

யாப்பு மாறியது. அவர் மாறவில்லை. வாய்க்கால் தகராறொன்றில் தண்டிக்கப்பட்ட என் கணவர் அப்போது சிறையில் நோயுற்றிருந்தார். அண்ணன் முறைக்குக் காக்கா என்று நான் அழைக்கும் இவரிடம் மன்னிப்பு மனுவுடன் போனேன்.

"காக்கா, புது யாப்பில மன்னிக்கிறது ஜனாதிபதிட தற்றுணிபு, அவர்ட சொந்த முடிவு. நேர அவருக்கே அனுப்புங்க."

"கொன்வென்டில யாப்பும் படிப்பிச்சவங்களா தங்கச்சி? அமைச்சர் சொல்லாம அவருக்கு ஒண்டும் ஏலா. முதல்ல எம்.பி.யப் புடிப்பம்."

"புடிங்க. மனுவையும் அனுப்புங்க."

"ஓம், ஓம். வெச்சிட்டுப் போங்க."

எம்.பி.யைப் பிடிப்பதிலேயே மாதங்கள் போயின. என் கணவர் சிறை வைத்தியசாலையில் மௌத்தானார்.

பின்னர் பாடசாலைக் கூட்டமொன்றில் இவரே முழங்கினார்: "மன்னிப்பு ஜனாதிபதியின் தற்றுணிபு. அவர் அமைச்சரைக் கேட்க வேண்டியதில்லை!"

பெண்கள் பக்கமிருந்து நான் எழுந்தேன். "இத எப்ப படிச்சீங்க, காக்கா?"

சபை சிரித்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அதன் பிறகு எங்கள் வீதியால் அவர் போனதில்லை.

ஜனாஸா அன்று அசர் தொழுகைக்குப் பிறகு, அவரைச் சுமந்த சந்தூக்கு அடக்கம் செய்யும் கடற்கரை மையவாடிப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். தோள் கொடுக்க அவ்வளவு பேர் முண்டியடித்தார்கள். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கட்டும்.

அவருடைய சட்ட அலுவலகமான கந்தோரை இப்போது நடத்தும் மகனிடம் ஒன்று கேட்கிறேன். என் கணவரின் மனு ஜனாதிபதிக்கு அனுப்பப்பட்டதா, இல்லையா? ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தரவும்.