ஏழாம் லீவர்

என் அக்காவின் கணவர், அத்தான், ஒரு சந்தேகப் பிராணி. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பார். "பூட்டு கையோட வந்துடப் போகுது" என்பாள் அக்கா.

இருபது வருடமாக ரயில்வே கேபினில் கைகாட்டிகளை இயக்குகிறவர். அங்கேயும் இதே கதைதான். வண்டி உள்ளே வர நாலாம் லீவரை இழுத்தால், தரைக்குக் கீழே ஓர் இரும்புச் சட்டம் நகர்ந்து ஏழாம் லீவரின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏழு, பக்கத்துத் தடத்தில் நிற்கும் சரக்கு வண்டியை அதே பாதையில் விடுகிற லீவர். சட்டம் இருக்கும்வரை அது அசையாது. அத்தானுக்கு அது போதாது. ஒவ்வொரு முறையும் ஏழாம் லீவரை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். அது வர மறுத்தால்தான் அவருக்கு மூச்சு வரும்.

அன்று காலை தேய்ந்த சட்டங்களை மாற்ற வந்த ஃபிட்டர் நான்.

"சட்டத்தையெல்லாம் கழட்டியாச்சு, மதியம் வரைக்கும் பூட்டு எதுவும் கிடையாது அத்தான். எதை இழுத்தாலும் வரும். பாத்து."

"எனக்கே பாடமா?" என்று சிரித்தார். ஆனால் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். பத்து மணி பாசஞ்சரில் அக்காவும் குழந்தையும் வருகிறார்கள். அவருடைய பழக்கம் எனக்குத் தெரியும். அதைச் சொல்லி எச்சரிக்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

மணி அடித்தது. நான் தரைக்குக் கீழே குந்தியிருந்தேன். லீவர்களின் அடிப்பாகம் என் முகத்துக்கு நேரே. நாலு நகர்ந்தது. அடுத்து ஏழும் நகர்ந்தது.

வெளியே சரக்கு வண்டி ஊதியது. பெட்டிகள் ஒவ்வொன்றாக இழுபட ஆரம்பித்தன.

மேலே ஓடினேன். அத்தான் ஏழாம் லீவரைத் திருப்பித் தள்ளிவிட்டு, ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுச் சிவப்புக் கொடியை வீசிக்கொண்டிருந்தார். தடங்கள் சேரும் இடத்துக்கு நாலடி முன்னால் சரக்கு வண்டி நின்றது. பாசஞ்சர் அதைக் கடந்து உள்ளே வந்தது. ஜன்னலோரத்தில் அக்கா, குழந்தையின் கையைப் பிடித்து எங்களுக்கு ஆட்டினாள்.

"இழுத்துப் பாத்தேன்டா... வந்துடுச்சு" என்றார் அத்தான். கொடி இன்னும் கையில் இருந்தது.

அக்காவிடம் நாங்கள் சொல்லவில்லை. சாயந்திரம் மூன்று பேரும் குழந்தையோடு வெளியே கிளம்பினோம். அவள் கதவைப் பூட்டிவிட்டு, வழக்கம்போல அவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"என்ன, இழுத்துப் பாக்கலையா?"

அத்தான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நீயே பாரு" என்றார்.