மெஹருக்கு நான் எழுதிய நற்சான்று

சென்ட்ரிஃபியூஜ் நிற்பதற்கு முந்தைய அரை நிமிடத்தில் ஒரு சத்தம் வரும். சோதனைக் குழாய்களைச் சுழற்றிக் களைத்த இயந்திரம், கீச்சிலிருந்து முனகலாகி, முனகலிலிருந்து மூச்சாகி அடங்கும். வேலைக்குச் சேர்ந்த அன்று அடையாற்றில் எங்கள் ஆய்வு நிலையத்துக்குள் நுழைந்ததும் நான் கேட்ட முதல் சத்தம் அதுதான். உயிரியல் ஆராய்ச்சி என்பது பாதி காத்திருப்பது, பாதி பாத்திரம் கழுவுவது; நடுவில் எப்போதாவது ஏதாவது தெரியவரும். இதில் காலம் தள்ளியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண்ணாக இருந்து காலம் தள்ளியவர்களுக்குக் கீழே இருப்பதில் எதுவுமே புதிதாக இருக்காது.

மெஹருன்னிசா என்னிடம் பிஎச்.டி. செய்ய வந்தாள். ராயப்பேட்டைப் பெண். நேர்முகத்தில், பத்து வருஷம் கழித்து என்னவாக இருக்க வேண்டும் என்று கேட்டேன். வழக்கமாகச் சமுதாயச் சேவை என்பார்கள். "உங்கள மாதிரி சொந்த லேப் வேணும் மேடம். கேள்வியை நானே கேட்கணும்" என்றாள் அவள். அந்த ஓர் ஆசைக்கு என்ன ஆயிற்று என்பதுதான் இந்தத் துணுக்குகள் எல்லாம்.

பெருநாள் காலை

கண்ணாடித் தட்டில் வளரும் செல்களுக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை ஊட்டத் திரவம் மாற்ற வேண்டும். தவறினால் மூன்று மாத வேலை செத்துப்போகும். அந்த வருஷம் ரம்ஜான் பெருநாள் திரவம் மாற்றும் நாளில் வந்து விழுந்தது. மெஹர் காலை பத்து மணிக்கு வந்து நின்றாள். வெள்ளைக் கோட்டுக்குக் கீழே புது சல்வாரின் ஜரிகை தெரிந்தது. கையில் பிரியாணி டப்பா. தன் தட்டுகளை முடித்துவிட்டு, கூடப் படிக்கும் ரகுவின் தட்டுகளுக்கும் திரவம் மாற்றினாள். ரகு அன்று வரவில்லை. அவனுக்குப் பெருநாளும் இல்லை, காரணமும் இல்லை.

எனக்கு அவ்வளவு பெருமை. போகிற கூட்டங்களில் எல்லாம் அதை ஒரு கதையாகச் சொன்னேன். ரகு ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டவள் ஒருத்திதான்: கண்ணாடிச் சாமான் கழுவும் செல்வி. ஆற்றோரக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட பிறகு இரண்டு பஸ் மாறி வருகிறவள். பிரியாணியைத் தின்றுகொண்டே சொன்னாள்: "பண்டிகையும் அதுவுமா இந்தப் பொண்ணு வந்து கீது. அந்தத் தம்பி செல்லுக்கும் இதுவே ஊட்டிக்கினு கீது. அவுரு இன்னா, மாப்பிள்ளை வூட்டுக்காரரா?"

நட்சத்திரக் குறி

பட்டம் வாங்கிய பின்னும் மெஹர் என் ஆய்வுக்கூடத்திலேயே விஞ்ஞானியாகத் தொடர்ந்தாள். ரகுவும்தான். ஐந்து வருஷ உழைப்பில் ஒரு கட்டுரை திரண்டு வந்தபோது அவளுக்குப் பிரசவம். வெளியிடுமுன் ஆய்வுப் பத்திரிகை கேட்ட கடைசி இரண்டு சோதனைகளை ரகு செய்து முடித்தான். எங்கள் துறையில் முதலில் வருகிற பெயருக்குத்தான் கட்டுரை சொந்தம். எண்ணம் அவளுடையது, சோதனை முடிவுகளைக் காட்டும் எட்டுப் படங்களில் ஆறு அவளுடையவை. நான் ரகுவின் பெயரை முதலில் போட்டு, இருவர் பெயருக்கும் மேலே ஒரு நட்சத்திரக் குறி வைத்து, இருவருக்கும் சம பங்கு என்று பொடி எழுத்தில் அடிக்குறிப்பு எழுதினேன். நியாயமாக நடந்துகொண்டதாகவே நினைத்தேன்.

குழந்தையைப் பார்க்கப் போனபோது அச்சான பிரதியைக் கொண்டுபோனேன். மெஹர் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல மேடம்" என்று சொல்லி, குழந்தையின் துணியை மாற்றப் போய்விட்டாள். அவள் கணவர் சலீமுக்குத் தி.நகரில் துணிக்கடை. அவர் பிரதியை வாங்கி, பெயர்களின் மேல் விரல் வைத்துப் பார்த்து, சிரிக்காமல் கேட்டார்: "ஸ்டார் போட்டிருக்கீங்களே மேடம், நாங்க ஆடித் தள்ளுபடி விளம்பரத்துல சதவீதத்துக்கு மேல போடுறோமே, அந்த ஸ்டாரா?"

ஓட்டல் ஹாலில் ஒரு சனிக்கிழமை

எங்கள் நிலையத்தின் மகளிர் முன்னேற்றக் குழுவுக்கு நான்தான் தலைவி. மகளிர் தினத்தையொட்டி தி.நகர் ஓட்டல் ஒன்றில் தலைமைப் பண்புப் பயிற்சி வைத்தோம். வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர், கூட்டத்தில் முதுகை நிமிர்த்தி, கையை மேசைமேல் பரப்பி உட்காருங்கள், இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எல்லோரும் பரப்பினோம். பக்கத்திலிருந்தவரின் காபி கவிழ்ந்தது.

கேள்வி நேரத்தில் மெஹர் எழுந்தாள். நிலையத்தின் வாராந்திர ஆய்வுக் கூட்டத்தை மாலை ஆறு மணியிலிருந்து காலைக்கு மாற்ற முடியுமா, குழந்தையை அந்த ஆறு மணிக்குத்தான் காப்பகத்திலிருந்து அழைக்க வேண்டியிருக்கிறது என்றாள். முன் வரிசையில் இருந்த இயக்குநர் என் பக்கம் திரும்பினார். நான், "குறிச்சுக்கறோம் மெஹர்" என்றேன். குறித்தும் கொண்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கூட்டம் இன்னும் ஆறு மணிக்குத்தான் நடக்கிறதாம். அந்தக் கூட்டத்தில்தான் யாருக்கு எந்தத் திட்டம் என்று பிரிப்பார்கள். ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறவளுக்கு மிச்சம் இருப்பது கிடைக்கும்.

எல்லோருக்கும் எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பினோம். திரும்பும்போது ஆட்டோவில் மெஹர் அதை மடியில் உருட்டிக்கொண்டே சொன்னாள்: "சேர்ல எப்படி உட்காரணும்னு நாள் பூரா சொல்லிக் குடுத்தாங்க மேடம். சேர் யாருகிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லல."

இரண்டு கடிதங்கள்

ஒரு வழியாக நிலையத்தில் இடம் ஒன்று காலியானது. தனி ஆய்வுக்கூடம், சொந்த மாணவர்கள், சொந்தக் கேள்வி. மெஹரும் விண்ணப்பித்தாள், ரகுவும் விண்ணப்பித்தான். இருவருக்கும் நான்தான் நற்சான்று எழுத வேண்டும். ஒரே மத்தியானத்தில், ஒரே மேசையில் எழுதினேன். மெஹருக்கு ஒரு பக்கம் அதிகமாகவே எழுதினேன், அவள் ஜெயிக்க வேண்டும் என்று.

தேர்வானவன் ரகு. நான் கோபத்தோடு இயக்குநர் அறைக்குப் போனேன். அவர் என்னை உட்காரவைத்து, என் கடிதங்கள் இரண்டையும் என் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ரகுவின் கடிதத்தில் அவன் கண்டுபிடித்தவை இருந்தன, அடுத்து எங்கே போவான் என்று இருந்தது. மெஹரின் கடிதத்தில் அவள் குணம் இருந்தது. பொறுமைசாலி. பொறுப்பானவள். எல்லோருக்கும் கை கொடுப்பவள். பெருநாளன்றுகூட வந்தவள். பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் குறிப்பு மாதிரி இருந்தது. சொல்லின் ஓசைக்கும் கனத்துக்கும் காது கொடுத்துப் பழகியவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு உண்டு. எழுதும்போது என் காதில் எதுவும் விழவில்லை. இயக்குநர் மென்மையாகத்தான் பேசினார்: "அவங்க இல்லாட்டி உங்க லேப் ஒரு நாள்கூட ஓடாதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க மேடம். அப்படிப்பட்டவங்கள உங்ககிட்டேருந்து பிரிக்கலாமான்னு கமிட்டியில கேட்டாங்க."

திருத்திய பிரதி

மெஹரிடம் நான் இதைச் சொல்லவில்லை. "என்ன மேடம் எழுதினீங்க?" என்று அவள் ஒரு தடவை கேட்டபோது, "நல்லாத்தான் எழுதினேன்" என்றேன். அது பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை. அந்த வருஷமே நான் ஓய்வு பெற்றேன். என் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. அவள் ஒப்பந்தமும் அதோடு முடிந்தது.

அடுத்த வருஷம் வேறொரு நிலையத்தில் அதே மாதிரி இடம் வந்தது. மந்தைவெளியில் வீட்டு மேசையில் ஒரு வாரம் உட்கார்ந்து புதுக் கடிதம் எழுதினேன். பெருநாள் இல்லை, பொறுமை இல்லை. அவள் கேட்ட கேள்வி, அதை நிரூபித்த விதம், அந்தக் கட்டுரையின் எண்ணம் யாருடையது, பெயர் வரிசையை நான் ஏன் தவறாகப் போட்டேன், எல்லாம் இருந்தது. ராயப்பேட்டைக்குப் போய் நேரில் கொடுத்தேன். முந்தைய கடிதத்தைப் பற்றியும் அன்றுதான் சொன்னேன்.

நின்றபடியே இரண்டு முறை படித்தாள். நான்காக மடித்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். டீ எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "முதல் தடவையே இதை எழுதியிருக்கலாம் மேடம். வயசு வரம்பு எனக்குப் போன மாசம் தாண்டிடுச்சு."

பெண்களை முன்னேற்றும் குழுவுக்குப் பல வருஷம் தலைமை தாங்கியதில் முன்னேறியவள் நான் ஒருத்திதான். மெஹர் இப்போது ராயப்பேட்டையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணி வரை சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள்.