மாப்பிள்ளை உட்காரும் இடம்

ராஜகீழ்ப்பாக்கம் மெக்கானிக் காரின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, "இன்னா சார், அடியில ஒரே ஜிகினாவா கீது?" என்றார். எல்லாம் மாப்பிள்ளைகளின் மாலையிலிருந்து உதிர்ந்தவை.

கூரைத்துணியை மடக்கிவிடலாம் என்பதால், அந்தக் காலத்தில் சிட்லபாக்கத்தில் யார் வீட்டு மாப்பிள்ளை அழைப்புக்கும் அப்பாவின் கார்தான் போகும். அவரே ஓட்டுவார். முந்தின நாள் கூரையின் கீல்களுக்குத் தேங்காய் எண்ணெய் போடுவார். ஊர்வலம் முடிந்ததும் மூடிவிடுவார். அடிக்கடி மடக்கினால் துணி வெடித்துவிடுமாம். நாங்கள் போகும்போது எப்போதும் மூடித்தான் இருக்கும். உள்ளே சம்பங்கி வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து புழுங்கும்.

"ஊர்ல இருக்கிற மாப்பிள்ளைக்கெல்லாம் திறப்பீங்க. எனக்குத் திறக்க மாட்டீங்க" என்பாள் அம்மா.

"துணி மாத்தினதும் பார்க்கலாம்" என்பார் அப்பா. மூன்று முறை மாற்றினார்.

அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. சீட்டை மாட்டியதும் காரை வீட்டுக்குக் கொண்டுவந்து கூரையை மடக்கினேன். அம்மா பின் சீட்டின் நடுவில், மாப்பிள்ளை உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். சிட்லபாக்கம் ஏரியை ஒரு சுற்று சுற்றினோம்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

வீட்டு வாசலில் நிறுத்தினேன். அம்மா இறங்கவில்லை.