ரொட்டி வண்டியில் மருமகனின் இசைத்தட்டு

ரொட்டி வண்டி ஓட்டுகிறவருக்குத் தொண்டை பெரிசு. கடை வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கும். அதனால் அவருக்கு 'ஹாரன்' என்றே பேர் விழுந்துவிட்டது. அவருக்கு வாய்த்த மருமகனோ, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கிறவர், வாயைத் திறக்கவே யோசிப்பார். "வாங்க மாப்பிள்ளை." "வர்றேன் மாமா." இவ்வளவுதான் இரண்டு பேருக்கும் பேச்சு.

ஒருநாள் மகள் கண்ணைக் கசக்கினாள். "அப்பா, உங்களுக்குத் தன்னைப் பிடிக்கலைன்னு அவரு நெனைச்சுக்கிட்டிருக்காரு."

"நான் என்னம்மா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலை. அதான்."

அடுத்த முறை வந்தபோது மருமகன் ஓர் இசைத்தட்டை நீட்டினார். "எனக்கு உசிரு மாமா இது. வண்டியில போட்டுக் கேளுங்க." முழுக்க எலக்ட்ரானிக் இசை. பாட ஆளே கிடையாது.

மறுநாள் போட்டார். முக்குத் திரும்புவதற்குள் வண்டிக்கடியில் ஏதோ கடகடத்தது. பதறிப்போய் நேரே மெக்கானிக்கிடம் விட்டார். அவன் பானெட்டைத் திறந்து பார்த்தான், அடியில் படுத்துப் பார்த்தான். கடைசியில் எழுந்து வந்து பாட்டுப்பெட்டியை அணைத்தான். கடகடப்பு நின்றது.

"யாருண்ணே குடுத்தது இதை?"

"மாப்பிள்ளை."

"வண்டி நல்லாத்தான் இருக்கு. அவரைத்தான் சர்வீசுக்கு விடணும்."

அந்த வாரமே மருமகன் கேட்டார். "எப்படி இருந்துச்சு மாமா?"

மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரமாதம் மாப்பிள்ளை! அந்தக் கடைசிப் பாட்டு இருக்கே!"

கடைசிப் பாட்டை அவர் கேட்டதே இல்லை. ஆனால் மருமகன் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. "நெசமாவா மாமா? அதை யாருமே முழுசாக் கேட்க மாட்டாங்களே!"

வாய் விட்ட பொய்க்குக் காது அனுபவித்தது. தினமும் கேட்டார். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு. பிறகு, கடகடப்பு எங்கே தொடங்கும் என்று தெரிந்துபோனது. பின்னால் ரொட்டித் தட்டுகள் அதோடு சேர்ந்து ஆடுவதுகூட ஒரு கணக்காகத்தான் பட்டது. கடைசிப் பாட்டுதான் பிடிபடவில்லை. ஒரே ரீங்காரம், ஃபிரிட்ஜ் ஓடுகிற மாதிரி. மழையில் வண்டிகள் நகராமல் நின்ற ஒரு காலையில்தான், ரீங்காரத்துக்கு அடியில் ஒரு மெல்லிய துடிப்பு இருப்பது கேட்டது. யாரோ படியேறி வருகிற மாதிரி மெல்ல நெருங்கியது. வாசல்வரை வந்து நின்றுவிட்டது. தட்டலாமா வேண்டாமா என்று ரொம்ப நேரம் தயங்கியது. அப்புறம் ஒரே ஒரு சுரம்.

'அட, நம்ம வீட்டு வாசல்ல மாப்பிள்ளை நிக்கிற மாதிரியே இருக்கே' என்று தோன்றியது. முன்னால் நின்ற வண்டிகள் நகர்ந்த பிறகும் அவர் கியரைத் தொடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகனைப் பேருந்து நிலையத்திலிருந்து தன் வண்டியிலேயே அழைத்து வந்தார். கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வீட்டு வாசல் வந்தும் ஹாரன் இறங்கவில்லை. விரலை மட்டும் தூக்கினார்.

"இருங்க மாப்பிள்ளை. இன்னும் தயங்குது... இப்ப வரும் பாருங்க."

வந்தது. மருமகன் பாட்டுப்பெட்டியைப் பார்க்கவில்லை, மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தின நாளே வந்திருந்த மகள் ஓடிவந்து வண்டிக் கண்ணாடியைத் தட்டினாள். "என்னப்பா, வந்து இவ்வளவு நேரமாச்சு, ரெண்டு பேரும் வாயே திறக்காம உக்காந்திருக்கீங்க?"

"பேசிக்கிட்டுதாம்மா இருக்கோம்" என்றார் ஹாரன், அவருக்கே கேட்காத குரலில். பிறகு மருமகன் பக்கம் திரும்பினார். "முதல்லேர்ந்து போடவா மாப்பிள்ளை?"