இரக்கப்பட்டால் பறக்காது

டேவிட்சன் இறந்த செய்தி எங்கள் வாட்ஸாப் குழுவில் காலையில் வந்தது. கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. நடுவில் ஒருவர், "சாரோட ஹெலிகாப்டர் பேட்டரி சார்ஜர் நல்ல சார்ஜர். வீட்ல யாருக்கும் தேவைப்படாதுன்னா சொல்லுங்க" என்று எழுதியிருந்தார். டேவிட்சன் உயிரோடு இருந்து இதைப் படித்திருந்தால் முதலில் சிரித்திருப்பவர் அவர்தான்.

ஊரப்பாக்கத்தில், மனை பிரித்தும் வீடு எழும்பாத திடலில், ஞாயிறுதோறும் நாங்கள் ரிமோட் ஹெலிகாப்டர் விடுவோம். யார் கொண்டுவந்தாலும் டேவிட்சன்தான் முதலில் தூக்கிப் பார்ப்பார். மேல் இறக்கைகள் சேரும் இடத்தை இரண்டு விரலால் பிடித்து அந்தரத்தில் தொங்கவிடுவார். உடல் மட்டமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பின்பக்கம் கனம். பேட்டரியை முன்னால் நகர்த்த வேண்டும். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பொருளோடு ஆளையும் சேர்த்தே கழித்துக்கட்டுவார்.

என்னுடையதை முதன்முதலில் தூக்கியபோது, "வாலு தரைய மோப்பம் புடிக்குது டாக்டர். உங்ககிட்ட வாயத் தொறக்கறவன நெனச்சா பாவமா இருக்கு" என்றார். நான் பல் மருத்துவர். அது பரவாயில்லை. முருகேசனிடம் சொன்னதுதான் எல்லை மீறியது. முருகேசன் கீழ்க்கட்டளையில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். அவர் மனைவி வீட்டைவிட்டுப் போயிருந்த சமயம். "பேட்டரிய இறுக்கிக் கட்டு முருகேசா. லூசா வுட்டா எதுவும் தங்காது. உனக்குத் தெரியாததா?" என்றார் டேவிட்சன். எல்லோரும் சிரித்தார்கள். முருகேசன் தலை குனிந்து பட்டையை இறுக்கினார். அன்று அவருடைய ஹெலிகாப்டர் கல் போல அசையாமல் அந்தரத்தில் நின்றது. அதற்காகவும் டேவிட்சனை வெறுக்க வேண்டியிருந்தது.

போன வருடம் டேவிட்சனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கைக்குப் பாதி பலம்தான் திரும்பியது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் வந்து இறங்கினார். இடது கையாலேயே தன் ஹெலிகாப்டரைப் பூட்டினார். அவர் தூக்கிப் பார்ப்பதற்குள் முருகேசன் அதைத் தூக்கித் தொங்கவிட்டார். வால் சரிந்தது.

"பாதி ஒடம்பு தொங்கிக்கினு கீதுண்ணா. உங்கள மாதிரியே."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். டேவிட்சனும் சிரித்தார்; வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "கரெக்ட்டு" என்று வாங்கிக்கொண்டார். பேட்டரியை நகர்த்திப் பட்டையை இழுக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையால் வெகுநேரம் போராடினார். யாரும் அசையவில்லை. நான் போய்ப் பேட்டரியைப் பிடித்தேன்.

"கைய எடுங்க டாக்டர். இரக்கப்பட்டா பறக்காது."

சரிந்த வாலோடே கிளப்பினார். அது எழும்பி, பின்னோக்கியே நழுவியது. முன்னால் கொண்டுவர ரிமோட்டின் வலது கைக் குச்சியைத் தள்ள வேண்டும். விரல்கள் அதன்மேல் இருந்தன, தள்ள முடியவில்லை. மனைக்கல்லில் மோதி இறக்கைகள் சிதறின. முருகேசன் தன்னுடையதை எடுத்துக்கொண்டு, "அடுத்தது நானு" என்றார்.

அதன்பின் டேவிட்சன் வரவில்லை. பிறகு இன்னொரு முறையும் வாதம் அடித்துப் படுக்கையில் விழுந்ததாகக் கேள்விப்பட்டுத் தாம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். உடைந்த ஹெலிகாப்டர், கட்டிலுக்கு எதிரே பீரோவின் மேல் இருந்தது. அவருடைய மனைவி மெர்சி அவர் காதுபடவே சொன்னார்: "கண்ணுக்குத் தெரியணும், கைக்கு எட்டக் கூடாதுன்னு நான்தான் வச்சேன். எனக்கும் புள்ளைங்களுக்கும் இவரு அப்படித்தான் இருந்தாரு."

"மெர்சி சொல்றது சரி" என்றார் டேவிட்சன்.

கிளம்பும்போது கேட்டேன். "இத்தன வருஷத்துல நான் நல்லா ஓட்டறேன்னு நீங்க ஒரு தடவ கூட சொன்னதில்லையே சார்?"

குழறலாக, ஆனால் உடனே பதில் வந்தது. "நீங்க நல்லா ஓட்டல டாக்டர்."

கடைசியாக ஒரு பொய் சொல்லியிருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும்? எனக்கு அழுகைதான் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அவரை அறிந்தவர்களே, உங்களிடம் அவருடைய அன்பான சொல் ஏதாவது இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது அந்த ஒரு வாக்கியம்தான். இன்றுவரை அதை என்னால் மறுக்க முடியவில்லை.