முதல் கையெழுத்துக்கு ஆளில்லை

கோயில் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று மண்டையை உடைத்துக்கொள்கிற ஊர் இது. இந்த ஊரில், அதுவும் படித்தவர்கள் குடியிருக்கிற கே.கே. நகரில், ஒரு பெண்பிள்ளைக்காக முதல் கையெழுத்துப் போட எங்கள் தெருவில் ஒரு ஆள் அகப்படவில்லை. நானும் அந்தத் தெருக்காரன்தான். வருவாய்த்துறையில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவன்.

அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் வீட்டிலும் குடியிருப்போர் சங்கத் தலைவர் வீட்டிலும் பாத்திரம் தேய்ப்பவர். புருஷன் விட்டுவிட்டுப் போனதும் டி. கல்லுப்பட்டிப் பக்கத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்தவர். தெருக்கோடியில் ஒரு தகரக் கொட்டகைதான் வீடு. அங்கே வளர்ந்த மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். மதுரைக்காரன் எவனும் செய்கிற காரியத்தை நாங்களும் உடனே செய்தோம். ஃப்ளெக்ஸ் வைத்தோம். 'எங்கள் தெருவின் மகளே, உன் படிப்பு எங்கள் பொறுப்பு' என்று கொட்டை எழுத்து. கீழே சங்கத்துக்காரர்கள் பதினோரு பேரின் படம். அவள் படம் ஹால் டிக்கெட்டிலிருந்து எடுத்தது, மூலையில் கிடந்தது. நான் கூலிங் கிளாஸ் போட்ட படத்தைத் தேடிக் கொடுத்திருந்தேன்.

அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. கணவன் கைவிட்ட பெண்களின் மகள்களுக்கென்று ஒரு கல்லூரியில் விடுதியோடு சேர்த்து ஒரு இடம் இருந்தது. அம்மாவின் பெயரில் கணவனால் கைவிடப்பட்டவர் என்ற சான்றிதழைக் கொடுக்க வேண்டும். அதற்கு வி.ஏ.ஓ. கேட்டது அக்கம்பக்கத்தார் வாக்குமூலம். 'இந்த அம்மா இத்தனை வருடமாகத் தனியாகத்தான் இருக்கிறார்' என்று ஒரு தாள், அடியில் இரண்டு பேர் கையெழுத்து. வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் மேலே அனுப்பிவிடுவேன், அதற்குப் பிறகு கல்லூரியின் கெடு தாங்காது என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை அவள் தாளை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனாள். "மொதல்ல ரெவின்யூ சார்ட்ட வாங்கிட்டு வா பாப்பா. அவருக்குத்தான் சட்டம் தெரியும். அடுத்து நான் போடுறேன்" என்றார். என்னிடம் வந்தாள். "தலைவர் இருக்கையில நான் முந்தக் கூடாதும்மா. அவர் போடட்டும், ரெண்டாவது என்னோடதுதான்" என்றேன். மற்ற வீடுகளிலும் ஏறி இறங்கினாள். 'நாளைக்கு அவ புருஷன் வந்து நின்னு கேஸு கீஸுன்னா யாரு அலையிறது, நமக்கெதுக்கு வம்பு' என்பது தெருவின் பேச்சாக இருந்தது. படம் கொடுத்த அத்தனை பேரும் இரண்டாவது கையெழுத்துக்குத் தயாராக இருந்தார்கள்.

அப்படியொரு வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டு ஒருவர்கூட வம்பில் மாட்டியதை என் முப்பது வருடச் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. தெருவில் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான். ஆனாலும் பயந்தேன். பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி வந்தாள். மூன்று நாள் அலைச்சலில் முகம் சுண்டியிருந்தது. மனசு கேட்காமல் பேனாவை எடுத்தேன். எடுத்தவன் செய்த காரியத்தைச் சொன்னால் காறித் துப்புவீர்கள். முதல் வரியைத் தலைவருக்கு என்று காலியாக விட்டுவிட்டு, இரண்டாவது வரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட நினைப்பில் காபியும் குடித்தேன்.

அந்தத் தாளைப் பார்த்ததும் தலைவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "மேல என்னைய மாட்டிவிட்டுட்டு அவரு கீழ ஒளிஞ்சுக்கிறாரா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, கார் எடுத்து ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். ஒற்றைக் கையெழுத்தை வி.ஏ.ஓ. வாங்கவில்லை. இதெல்லாம் மறுநாள் பாத்திரம் தேய்க்கையில் அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து அடுத்த பாத்திரத்தைக் கழுவினார். அடுத்த வாரம் கல்லூரிக்குப் போன் போட்டேன். இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விட்டது.

நான்கு மாதம் கழித்து மனைவிக்குச் சேலை எடுக்கக் கோயில் பக்கம் ஒரு துணிக்கடைக்குப் போனோம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் சீருடையில் நின்றுகொண்டிருந்தாள். சிரித்தாள். நான் கவுண்டரில் கிடந்த சேலையைப் புரட்டினேன்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா. நாங்க இம்புட்டுப் பேரு இருக்கோம்ல" என்றேன். வெட்கங்கெட்ட வாய், அதற்கு வேறு என்ன பேசத் தெரியும்?

அவள் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். வாடிக்கையாளரிடம் விலை சொல்லும் அதே குரலில் சொன்னாள். "வேணாம் சார். இனி யார்ட்டயும் போய் நிக்கிறதா இல்ல. அம்மாட்டயும் சொல்லிட்டேன், தெருக்காரங்க மேல வருத்தப்படாதன்னு. நீங்கள்லாம் எங்களுக்கு யாரு சார்?"

பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, "வேற கலர் எடுத்துப் போடவாம்மா?" என்று கேட்டாள்.