வாடகைக்கு விட்ட வள்ளல் பட்டம்

எங்கள் பத்திரிகை இலவசம். தமிழ்க் கடைகளின் வாசலில் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். மீன் சுற்ற உதவும் என்று சிலர் இரண்டு பிரதி எடுத்துப் போவார்கள். அவர்கள்மேல் எனக்கு முன்பு கோபம் இருந்தது. இப்போது இல்லை. அவர்கள் தப்பிவிட்டார்கள். வாசித்தவர்கள்தான் காசை இழந்தார்கள்.

ஊரில் தமிழ் படிப்பித்தவன் நான். லண்டனில் ஓய்வுக்காலத்துக்கு அந்தப் பத்திரிகையில் கட்டுரையும், சனிக்கிழமைகளில் ஹரோவில் தமிழ் வகுப்பும். ஜெர்மனியிலிருந்து இங்கே குடிவந்து, பழைய வீடுகளை வாங்கித் திருத்தி விற்கும் கம்பனி நடத்திய ஒரு தொழிலதிபரை வள்ளல் என்று முதலில் எழுதியவன் நானே. அவர் ஊர் ஆஸ்பத்திரிக்குச் சக்கர நாற்காலிகள் கொடுத்தார். நாற்காலிகளைவிடக் கமராக்கள் அதிகம். கதவளவு பெரிய அட்டைக் காசோலை ஒன்றையும் தூக்கிப் பிடித்தார். அவர் கொடுத்த காசோலைகளில் வங்கியிலிருந்து திரும்பி வராதது அது ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

சங்ககாலத்தில் வள்ளல்கள் ஏழு பேர். எட்டாமவரை நான் கண்டுபிடித்தேன். அடுத்த மாதமே அவருடைய விசிட்டிங் கார்டில் ‘எட்டாவது வள்ளல்’ என்று அச்சாகியிருந்தது. பத்திரிகையின் கடைசிப் பக்கம் முழுவதும், கம்பனியில் காசு போட்டால் மாதாமாதம் லாபம் என்று அவருடைய விளம்பரம் வரத் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு இலக்கணம்தான் தெரியும்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் வந்து நின்றார். லண்டனின் மறுகோடியில் பிளேஸ்டோவில் இருப்பவர், முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை செய்பவர்.

“மாஸ்டர், மாசாமாசம் வந்த காசு நிண்டுபோச்சு. போட்ட காசும் தாறாரில்லை. கேட்டால் சந்தை சரியில்லையாம்.”

“கொஞ்சம் பொறுத்துப் பாருங்கோவன்.”

“நான் பொறுப்பன். என்ர தங்கச்சி, உங்கடை வகுப்புக்கு வாற பெடியன்ர தாய், இஞ்சை ஹரோவிலை இருக்கிற வீட்டை ஈடு வைச்சு அந்தாளிட்டைக் குடுக்கப் போறாள். வாற மாசம் கையெழுத்து. வேண்டாமெண்டு சொன்னால் எனக்குப் பொறாமையாம். நீங்கள் பேப்பரிலை எழுதினால் நம்புவாள். அதை வாசிச்சுத்தானே நானும் நம்பினனான்.”

“ஓம், எழுதிறன்.”

“பேரைப் போட்டு எழுதுங்கோ. வள்ளல் எண்டு போட்டியளே, அதே அளவு எழுத்திலை.”

பத்திரிகை ஆசிரியரிடம் போனேன். “பேரைப் போட்டால் வழக்குப் போடுவான் மாஸ்டர். கடைசிப் பக்கமும் போயிடும். பேரில்லாமல் எழுதுங்கோ, விளங்கிறவைக்கு விளங்கும்” என்றார். எனக்கும் அது வசதியாகவே பட்டது. ஆதாரம் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்ணிடம் நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

‘நம்மிடையே சில நரிகள்’ என்று எழுதினேன். நரி, கானல்நீர், மண்குதிரை என்று உவமைகளுக்குக் குறைவில்லை. பெயர்தான் இல்லை.

பத்திரிகை வந்த அன்று முதலில் போன் எடுத்தவர் வள்ளல்.

“மாஸ்டர், காலத்துக்கேத்த கட்டுரை. இந்த நரியளாலைதான் எங்களைப்போல ஆக்களுக்கும் கெட்ட பேர்.”

நன்றி என்றேன். பழக்கதோஷம்.

அவர் அந்தப் பிரதியோடு ஹரோவுக்குப் போயிருக்கிறார். தங்கையின் வரவேற்பறையில் இருந்து என் கட்டுரையை உரத்து வாசித்து, இப்படிப்பட்டவர்களிடம் கவனமாக இருக்கச் சொல்லியிருக்கிறார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பித் தன் படத்தைக் காட்டி, “நரியின்ர விளம்பரத்தை மாஸ்டரின்ர பேப்பர் போடுமோ, தங்கச்சி?” என்று கேட்டிருக்கிறார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

சில மாதங்களில் பொலிஸ் அவரைப் பிடித்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் ‘கொடையாளர் கைது’ என்றன. அங்கேயும் கொடைதான் முன்னால் போனது, மோசடி பின்னால் வந்தது. ஒரு நிருபர் என்னை அழைத்து, வள்ளல் என்றால் என்ன என்று கேட்டார். கைம்மாறு கருதாத மழையிலிருந்து தொடங்கி விளக்கினேன். எங்கள் பத்திரிகையில் ‘தமிழர் ஒருவர் கைது’ என்று நாலு வரி, மரண அறிவித்தல்களுக்குக் கீழே. கடைசிப் பக்கத்தை ஒரு நகைக்கடை எடுத்துக்கொண்டது.

போன வாரம் தமிழ்க் கடையில் அந்த அக்காவைக் கண்டேன். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். தங்கையின் வீடு போய்விட்டது. குடும்பமே பிளேஸ்டோவில் அவருடைய இரண்டு அறைக்குள் இருக்கிறது.

“என்னை மன்னிக்க வேணும்” என்றேன்.

“கட்டுரை வாசிச்சனான் மாஸ்டர். மண்குதிரை நல்லாயிருந்தது.” காயை வளைத்துப் பார்த்தார். “தங்கச்சியின்ர மகன் இனி உங்கடை வகுப்புக்கு வரமாட்டான். தூரம்.”

“ஓம்.”

“இப்பவெண்டாலும் பேரைப் போடுவியளோ?”

வழக்கு கோர்ட்டில் நடக்கும்போது நினைத்தபடி எழுத ஏலாது என்றேன். அது உண்மைதான். அவர் தலையாட்டினார்.

காசைக் கொடுத்துவிட்டு வெளியே போகும்போது வாசலில் நின்று எங்கள் பத்திரிகையில் இரண்டு பிரதி எடுத்தார். ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் அவருடைய மற்றக் கையைப் பார்த்தேன். மீன் வாங்கியிருந்தார்.